ஆல்ஃபா 2000 ஜிடிவிக்கு வெபர் 45 வேண்டுமா? கார்புரேட்டர் தேர்வும் டியூனிங்கும்

மிலான் பக்கம் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 1973-ஆம் ஆண்டு ஆல்ஃபா ரோமியோ 2000 ஜிடிவி ஒன்று வாங்கியிருக்கிறார். அதில் இருப்பது டெல்லோர்ட்டோ டிஎச்எல்ஏ 40 கார்புரேட்டர் ஒரு ஜோடி. ஐடிலிங்கில் பெட்ரோல் வாடை அடிக்கிறது. 2,500-க்கும் 3,000 ஆர்பிஎம்முக்கும் இடையில் வண்டி தடுமாறுகிறது, கார்புரேட்டர் வாய் வழியாகவே 'டுப்' என்று துப்புகிறது. காட்டிய கராஜில், இதைக் கழற்றிவிட்டு வெபர் 45 ஜோடி மாட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். எந்த 45 வாங்குவது, என்ன ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளை) போடுவது என்பதே அவர் கேள்வி.

தம்பி, 45 வாங்காதீர்கள். இப்போதைக்கு எதையுமே வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளில் பாதி கார்புரேட்டருக்கு வெளியே இருந்து வரக்கூடியவை. பொலோன்யாவில் பழைய கார்களோடு பல வருடமாக மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: என்னிடம் வரும் ஆல்ஃபாக்களில் பாதிக்கு மேல், நல்ல கார்புரேட்டர் செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்துகொண்டுதான் வருகின்றன.

முதலில் அந்த 40, 45 என்ற எண்களைப் பார்ப்போம். அது பட்டர்ஃப்ளை தகடு திறந்து மூடும் குழலின் விட்டம், மில்லிமீட்டரில். எஞ்சின் மூச்சு இழுப்பது அந்த அளவை வைத்து அல்ல. குழலுக்குள் செருகியிருக்கும், இடுப்பு ஒடுங்கிய வெஞ்சுரியை வைத்து. இத்தாலிய, ஆங்கிலக் கையேடுகளைத் தமிழில் பேசும்போது ஒரு குழப்பம் வரும். நம் ஆட்களுக்கு 'சோக்' என்றால் குளிரில் ஸ்டார்ட் செய்ய இழுக்கும் குமிழ். இந்த உலகத்தில் 'சோக் 32' என்றால் வெஞ்சுரியின் இடுப்பு 32 மி.மீ. என்று பொருள். குழப்பம் வராமல் இருக்க நான் வெஞ்சுரி என்றே எழுதுகிறேன்.

ஒரு சிலிண்டருக்கு ஒரு குழல் என்று இருக்கும் எஞ்சினுக்கு வெஞ்சுரி அளவு பார்க்கப் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஒரு சிலிண்டரின் கொள்ளளவை லிட்டரில் எடுங்கள். அதிகபட்ச பவர் வரும் ஆர்பிஎம்மை ஆயிரத்தால் வகுங்கள். இரண்டையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 20-ஆல் பெருக்குங்கள். உங்கள் எஞ்சின் 1,962 சிசி, ஒரு சிலிண்டருக்கு 0.49 லிட்டர். பவர் உச்சம் 5,500-இல். பெருக்கினால் ஏறத்தாழ 2.7, வர்க்கமூலம் 1.64, இருபதால் பெருக்கினால் 32.8. ஆக 32 அல்லது 33 மி.மீ. வெஞ்சுரி போதும். வெஞ்சுரி குழலின் விட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு இருந்தால் நன்றாக வேலை செய்யும் என்பது இன்னொரு கணக்கு. 40-இல் ஐந்தில் நான்கு பங்கு 32. கம்பெனிக்காரன் 40 மாட்டியது சிக்கனத்துக்காக அல்ல, கணக்குப் பார்த்துத்தான்.

45-க்கு இதே பங்கு போட்டால் 36 வருகிறது. அது 7,000-க்கு மேல் சுற்றும், கேம் மாற்றிய ரேஸ் எஞ்சினுக்கான அளவு. உங்கள் வண்டியில் 36 போட்டால் குறைந்த வேகத்தில் காற்று சோம்பலாக நகரும். காற்றின் வேகம்தான் ஜெட்டிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுத்துப் பனிபோல் சிதறடிக்கிறது. வேகம் குறைந்தால் பெட்ரோல் துளித்துளியாக, எஞ்சினுக்குள் போகும் மேனிஃபோல்ட் குழாயின் சுவரில் ஒட்டும். சிக்னலில் இருந்து கிளம்பும்போது இழுவையே இருக்காது. 5,000-க்கு மேல் மட்டும் சத்தத்தோடு பாயும், 'பவர் ஏறிவிட்டது' என்று தோன்றும். மலை வளைவில் மூன்றாவது கியரில் 2,500-இல் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உண்மை தெரிந்துவிடும். 45-இலேயே 32 வெஞ்சுரி போட்டு ஓட்டலாம்தான். ஆனால் 40 செய்யும் வேலைக்கு 45-இன் விலை ஏன் கொடுக்க வேண்டும்?

அடுத்தது, வெபரா டெல்லோர்ட்டோவா. நான் இருக்கும் ஊரே வெபரின் ஊர். தூரினில் பிறந்த எதோவார்தோ வெபர் 1923-இல் இங்கே கம்பெனி தொடங்கினார். 1945-இல், போர் முடிந்த வேளையில், அவர் காணாமல் போனார், திரும்பவேயில்லை. 1952-இல் கம்பெனி ஃபியட் கைக்குப் போனது. பழைய டிசிஓஇயை, அதாவது படுக்கைவாட்டில் நிற்கும் வெபரின் இரட்டைக் குழல் கார்புரேட்டரைத் துடைத்தால் 'எதோவார்தோ வெபர், பொலோன்யா' என்ற எழுத்து தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசுக்குள் ஒரு மரியாதை வரும். ஆனாலும் சொல்கிறேன், வெபர் என்ற பெயருக்காக மட்டும் டெல்லோர்ட்டோவைக் கழற்ற வேண்டாம். டெல்லோர்ட்டோவும் லொம்பார்தியாவின் செரெஞ்ஞோவில் 1933-இல் பிறந்த கம்பெனி. ஆல்ஃபாவே தன் இரட்டை கேம் எஞ்சின்களில் வெபர், சோலெக்ஸ், டெல்லோர்ட்டோ மூன்றையும் மாற்றி மாற்றிப் பொருத்தியது. சரியாக டியூன் செய்த மூன்று வண்டிகளைக் கண்ணைக் கட்டிவிட்டு ஓட்டச் சொன்னால் எதில் எது இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது.

வேறுபாடுகள் உண்டு, கராஜில் தெரியவரும். வெபர் டிசிஓஇயில் ஆக்ஸிலரேட்டர் பம்ப் பிஸ்டன் வகை. டெல்லோர்ட்டோவில் ரப்பர் டயஃப்ரம்; பல வருடம் நின்ற வண்டியில் அது விறைத்துப் போயிருக்கும், மாற்றியே ஆகவேண்டும். ஜெட்டுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பெட்ரோலில் காற்றைக் கலக்கும் எமல்ஷன் டியூப் எண்களும் வேறு, ஆகவே வெபர் பட்டியலைப் பார்த்து டெல்லோர்ட்டோவுக்கு ஜெட் வாங்கிவிடாதீர்கள். வெபருக்கு உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும். டெல்லோர்ட்டோவுக்குக் கொஞ்சம் தேட வேண்டும். அவ்வளவுதான்.

கார்புரேட்டரையே மாற்ற வேண்டிய நிலை எப்போது? பட்டர்ஃப்ளை தகடுகளைத் தாங்கும் த்ராட்டில் ஷாஃப்ட்டின் நுனியை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் பேரிங் தேய்ந்து அந்த வழியாகக் காற்று புகுகிறது. அதையும் சரிசெய்யலாம். உடலில் விரிசல் விழுந்திருந்தாலோ, பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறைக்குள் வெள்ளை அரிப்பு ஆழமாக இறங்கியிருந்தாலோ மாற்றலாம். அப்போது 40 டிசிஓஇ ஜோடி வாங்குங்கள். இரண்டிலும் பொறித்த எண் ஒன்றாக இருக்க வேண்டும். 40 டிசிஓஇ என்பதற்குப் பின்னால் வரும் எண்தான் உள்ளே துளைகள் எங்கே இருக்கின்றன என்பதைச் சொல்கிறது. வேறு வேறு எண் கொண்ட இரண்டை ஜோடி சேர்த்தால் ஆயுள் முழுக்க டியூன் செய்துகொண்டே இருக்கலாம். வெபர் உற்பத்தி பொலோன்யாவிலிருந்து ஸ்பெயினுக்குப் போய்ப் பல காலம் ஆகிறது. ஸ்பெயினில் செய்ததும் நல்ல சரக்குதான். பாதி விலையில் கிடைக்கும் நகல்களை மட்டும் தொடாதீர்கள். துளை இடம் தவறிய நகல் ஒன்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஐடிலில் தகடு எந்தத் துளையை மூடியிருக்க வேண்டுமோ அது ஏற்கனவே திறந்து கிடந்தது. ஜெட் மாற்றி அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

மற்ற இத்தாலிய வண்டிகளுக்கும் இதே நியாயம்தான். சின்ன ஃபியட் 500-இல் வெபர் 26 மி.மீ. ஒன்றே ஒன்று, அதில் பெரிதாக மாட்டினால் கெடும். ஃபெராரி 308-இல் நேர்குத்தாக நிற்கும் 40 டிசிஎன்எஃப் நான்கு. எட்டு குழல் என்பதால் வேலை இரட்டிப்பு, முறை ஒன்று. நம் நாட்டில் பிரீமியர் பத்மினியாக ஓடியதும் ஃபியட் 1100தான். அதில் ஒரு கார்புரேட்டர், ஒரு குழல். பத்மினியை டியூன் செய்து பழகிய கைக்கு ஆல்ஃபாவில் புதிதாகச் சேரும் வேலை, நான்கு குழலையும் ஒரே அளவில் மூச்சிழுக்க வைப்பது.

இப்போது உங்கள் வண்டிக்கு வருகிறேன். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையில் ரப்பரும் உலோகமும் சேர்த்து வார்த்த மவுண்ட் இருக்கிறதே, அதை முதலில் பாருங்கள். எஞ்சின் அதிர்வு ஃப்ளோட் அறைக்குப் போய்ப் பெட்ரோலை நுரைக்க வைக்காமல் இருக்கத்தான் ஆல்ஃபா அதை வைத்தது. நல்ல யோசனை, ஆனால் ரப்பருக்கு வயதாகும். கார்புரேட்டரின் எடை கீழே இழுப்பதால் வெடிப்பு விழும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். சில வருடம் முன்பு உங்களுடையதைப் போலவே ஒரு 2000 ஜிடிவி வந்தது. அதன் சொந்தக்காரர் ஏற்கனவே இரண்டு முறை ஜெட் மாற்றியிருந்தார். நானும் ஒரு முழு நாள் ஐடில் ஜெட்டோடு போராடினேன். எடுக்கும்போது சரியாக இருப்பதுபோல் தோன்றும், ரோட்டில் போனால் பழையபடி துப்பும். மறுநாள் காலை, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஏதோ தோன்றி முன்பக்கக் கார்புரேட்டரின் அடியில் கை கொடுத்து மெதுவாக மேலே தூக்கினேன். ஐடிலிங் உடனே மாறியது. கையை எடுத்தால் பழைய தடுமாற்றம். மவுண்டைக் கழற்றி மடக்கிப் பார்த்தபோது வெடிப்பு வாய் பிளந்து நின்றது, விரல் நகம் உள்ளே போகும் அளவுக்கு. புது மவுண்ட் போட்டுப் பழைய ஜெட்டுகளையே திருப்பி மாட்டினேன். வண்டி சரியாகிவிட்டது. அன்றிலிருந்து எந்த ஆல்ஃபா வந்தாலும் பானட் திறந்ததும் என் கை முதலில் அங்கேதான் போகும்.

ரப்பர் சரி என்றால் இக்னிஷன். பாயிண்ட், கண்டென்சர், டைமிங், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும், வேகம் ஏற ஏறத் தீப்பொறியை முன்கூட்டியே விழவைக்கும் அட்வான்ஸ் எடைகள் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். அட்வான்ஸ் வரவில்லை என்றால் மிதிக்கும்போது வண்டி மந்தமாக இருக்கும், எல்லோரும் 'பெட்ரோல் போதவில்லை' என்பார்கள். பிறகு டேப்பட் இடைவெளி, கம்ப்ரஷன். நான்கு சிலிண்டரும் சமமாக இல்லாத எஞ்சினில் நான்கு குழலைச் சமப்படுத்த முடியாது.

பெட்ரோல் அழுத்தம் முக்கியம். இந்த வகைக் கார்புரேட்டருக்கு 0.2 பார் போதும். யாராவது எலக்ட்ரிக் பம்ப் மாட்டி ரெகுலேட்டர் வைக்காமல் விட்டிருந்தால் ஊசி வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும். நீங்கள் சொல்லும் வாடைக்கு முதல் சந்தேகம் அதுதான். இதில் அலட்சியம் வேண்டாம். கார்புரேட்டர் வழிந்து தீப்பிடித்த பழைய கார்கள் ஏராளம். வேலை செய்யும் இடத்தில் தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இதற்கெல்லாம் பிறகுதான் கார்புரேட்டர். ஃப்ளோட் உயரத்தில் தொடங்குங்கள். மூடியைக் கழற்றிச் செங்குத்தாகப் பிடித்து, ஃப்ளோட் ஊசியை லேசாகத் தொடும் நிலையில் அளக்க வேண்டும். ஊசியின் நுனியில் இருக்கும் ஸ்பிரிங் குண்டு அமுங்கக்கூடாது. பித்தளை ஃப்ளோட் போட்ட பழைய டிசிஓஇகளில் பலவற்றுக்கு, கேஸ்கட்டோடு சேர்த்து 8.5 மி.மீ. என்பது வழக்கமான அளவு. உங்கள் டெல்லோர்ட்டோவுக்கு அளவு வேறு, அதன் எண்ணுக்குரிய பட்டியலைப் பாருங்கள். இரண்டிலும் ஒரே உயரம் இருக்க வேண்டும் என்பது அளவைவிட முக்கியம்.

அடுத்தது சமப்படுத்துவது. எஞ்சின் நன்றாகச் சூடேறட்டும். இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் திருகைத் தளர்த்தி, காற்று அளக்கும் மீட்டரை ஒவ்வொரு வாயிலும் வைத்து, முன்னதும் பின்னதும் ஒரே அளவு இழுக்கும்வரை திருப்புங்கள். மீட்டர் இல்லை என்றால் ஒரு முழ நீள ரப்பர் குழாய்: ஒரு முனை காதில், மறு முனை வாய்க்குள். 'ஸ்ஸ்' என்ற சத்தம் நான்கிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பழகிய காது சொல்லிவிடும். நான் மீட்டரில் பார்த்த பிறகும் காதால் ஒருமுறை கேட்காமல் விடுவதில்லை. ஒரே கார்புரேட்டரின் இரண்டு குழல்களுக்குள் பெரிய வித்தியாசம் இருந்தால் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டிருக்கிறது. யாரோ நட்டைத் தாறுமாறாக இறுக்கியிருப்பார்கள்.

இனி ஐடில் மிக்ஸர் திருகுகள், குழலுக்கு ஒன்று, மொத்தம் நான்கு. உள்ளே திருப்பும்போது தட்டியவுடன் நின்றுவிடுங்கள். இறுக்கினால் ஊசி நுனியில் வளையம் விழும், துளையும் கெடும். அங்கிருந்து வெளியே, பழைய, தடித்த மரை கொண்ட வெபரில் முக்கால் முதல் ஒரு சுற்று. புதிய, நுண்ணிய மரை கொண்டதில் இரண்டு முதல் இரண்டரைச் சுற்று. அங்கிருந்து ஒவ்வொன்றாக உள்ளே திருப்பி எஞ்சின் தடுமாறும் இடத்தைப் பிடியுங்கள், பிறகு வெளியே திருப்பி ஆர்பிஎம் உச்சத்துக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள். ஆர்பிஎம் ஏறினால், ஐடிலில் தகடு எவ்வளவு திறந்திருக்கும் என்பதைத் தீர்மானிக்கும் வேகத் திருகால் 900 அளவுக்கு இறக்குங்கள். நான்கையும் இப்படி இரண்டு மூன்று முறை சுற்றி வரவேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தில் நின்று பேச வேண்டும், உங்கள் தடுமாற்றம் இதில் இருக்கக்கூடும். ஐடிலில் பட்டர்ஃப்ளை தகட்டின் விளிம்புக்குச் சற்று முன்னால் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கின்றன. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் தகடு அவற்றை ஒவ்வொன்றாகத் திறக்கும், அவற்றின் வழியே வரும் பெட்ரோலில்தான் வண்டி ஏறத்தாழ 3,000 வரை ஓடுகிறது. மெயின் ஜெட் அதற்கப்புறம்தான் வேலைக்கு வரும். ஐடிலிங் நிற்கவில்லை என்று வேகத் திருகைக் கண்டபடி உள்ளே திருப்பினால் தகடு முதல் துளையைத் தாண்டிவிடும். அப்போது மிக்ஸர் திருகு எதற்கும் மசியாது. மிதித்தால் ஒரு பள்ளம் விழுந்ததுபோல் வண்டி தொங்கும், பிறகு துப்பும். ஐடிலிங் ஏன் நிற்கவில்லை என்று தேடாமல் திருகை முறுக்கிய முந்தைய கை ஒன்று உங்கள் வண்டியிலும் இருந்திருக்கலாம். வேகத் திருகைத் தகடு முழுதாக மூடும்வரை வெளியே எடுத்து, நெம்புகோலைத் தொட்ட பிறகு அரைச் சுற்று மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

அதன் பிறகும் 2,500-இல் துப்பினால் ஐடில் ஜெட் லீனாக, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாமல், இருக்கிறது. வெபரில் இதற்கு இரண்டு பகுதி: 50, 55 என்பது பெட்ரோல் துளை, நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டரில். எஃப்8, எஃப்9, எஃப்6 என்பது காற்றுத் துளை. எஃப் எண்ணின் ஏறுவரிசைக்கும் ரிச் (பெட்ரோல் கூடுதல்), லீன் வரிசைக்கும் சம்பந்தம் இல்லை. எஃப்8-ஐவிட எஃப்9 ரிச், எஃப்9-ஐவிட எஃப்6 ரிச். ஜெட்டை மாற்றுவதற்கு முன் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் துளையில் ஒரு தூசி போதும், ஒரு சிலிண்டர் ஐடிலில் செத்துக் கிடக்கும். டிசிஓஇயில் மேலே இருக்கும் வட்ட மூடியின் காதுநட்டைக் கையால் திருப்பினாலே ஜெட் தெரியும். காற்றால் ஊதுங்கள், கம்பி விட்டுக் குத்தாதீர்கள்.

மெயின் ஜெட் கணக்கு சுலபம். வெஞ்சுரியை நான்கால் பெருக்குங்கள்: 32-க்கு 128, ஆகவே 127 அல்லது 130. மெயின் ஜெட் பெட்ரோலில் காற்று சேர்க்கும் ஏர் கரெக்டர் அதற்கு மேல் 50 கூட்டி 180. இது தொடங்கும் இடம். மெயின் ஜெட்டை 130-லிருந்து 135-க்கு ஏற்றினால் துளையின் பரப்பு ஏறத்தாழ 8 சதவீதம் கூடும், ஆகவே ஒரு படி என்பது சின்ன மாற்றம் அல்ல. 5,000-க்கு மேல் மட்டும் லீன் என்றால் மெயினைத் தொடாமல் ஏர் கரெக்டரைக் குறையுங்கள். இன்றைய பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் இருந்தால் பழைய கணக்கைவிட 4 சதவீதம் லீனாக ஓடும். 130 இருந்த இடத்தில் 132 போட்டால் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த வாயோடு டியூன் செய்யாதீர்கள். பெட்டியைத் திருப்பி மாட்டியதும் எல்லாம் மாறிவிடும்.

சைலன்சரில் ஆக்ஸிஜன் சென்சர் ஒன்று வைத்து மீட்டர் பார்த்தால் ஊகத்துக்கு இடமில்லை. சீரான ஓட்டத்தில் எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14 பங்கு காற்று, முழுதாக மிதிக்கும்போது 12.5 முதல் 13 வரை இருந்தால் நான் திருப்தியாகிவிடுவேன். வண்டியை எடுத்துக்கொண்டு இங்கிருந்து ஃப்ளோரன்ஸ் போகும் பழைய சாலையில் ஃபூத்தா கணவாய்க்கு ஏறுவேன், 903 மீட்டர். மில்லே மில்லியா என்ற பழைய கார் பந்தயம் ஓடிய சாலை அது. ஏற்றத்தில் மூன்றாவது கியர், 2,500, மெதுவாக மிதி. அங்கே தயங்காமல் இழுத்தால் ஐடில் ஜெட் சரி. பிறகு நேர் சாலையில் முழு மிதி, அப்படியே கிளட்ச் அமுக்கி எஞ்சினை அணைத்து, ஓரம் கட்டிப் பிளக் கழற்றி அதன் நுனியின் நிறத்தைப் பார்ப்பேன். மேலே போகப் போகக் காற்று மெலிந்து கொஞ்சம் ரிச் ஆகும், அதை மனதில் வைத்துத்தான் நிறத்தைப் படிக்க வேண்டும்.

தம்பி, வரும் சனிக்கிழமை எஞ்சினை ஓடவிட்டு அந்த இரண்டு கார்புரேட்டரையும் அடியில் கை கொடுத்துத் தூக்கிப் பாருங்கள். வேகத் திருகு எத்தனை சுற்று உள்ளே இருக்கிறது என்றும் எண்ணுங்கள். டெல்லோர்ட்டோவின் முழு எண்ணையும், உள்ளே இருக்கும் ஜெட் எண்களையும் எழுதி அனுப்புங்கள், என்ன மாற்ற வேண்டும் என்று அதற்கப்புறம் சொல்கிறேன்.